வால் வெட்டிய சிவப்புக் கோட்டுகள்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயத்தால் இல்லை. எனக்குச் சந்தேகம் எல்லாம் மனிதர் மேல்தான். வீட்டில் ஒரு சாமான் காணாமல் போனால் எந்தக் கை எடுத்தது என்று பார்ப்பேன், கோயிலில் ஒருவர் சாமி கலை வந்து ஆடினால் அவருக்கும் பூசை செய்கிறவருக்கும் ஏதாவது மனத்தாங்கலா என்று விசாரிப்பேன். "கடவுளே நேரிலை வந்து நிண்டாலும், ஆர் உம்மை அனுப்பினது எண்டுதான் நீங்கள் கேப்பியள்" என்று என் மனைவி சொல்லுவாள். அது சரிதான். ஆகவே நான் இப்போது சொல்வதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் நம்பமாட்டேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இது நடந்தது பட்டப்பகலில்.

லண்டனில் புது ராசாவுக்கு முடிசூட்டின வருடம் அது. யாழ்ப்பாணத்திலும் கொண்டாட்டம் வைத்தார்கள். கோட்டைக்கு முன்னாலுள்ள முற்றவெளியில் பள்ளிக்கூடங்கள் எல்லாம் ஊர்வலம் காட்ட வேண்டும், ஆளுக்கொரு சரித்திரக் காட்சி. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு விழுந்தது, ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையை எடுக்க வந்த இங்கிலீசுப் பட்டாளம். நான் அங்கே சித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். புத்தூரிலிருந்து தினமும் சைக்கிள். மூன்று வருடமாகத் தற்காலிக வாத்தியார், இன்றைக்கு நிரந்தரமாக்குவார்கள், நாளைக்கு ஆக்குவார்கள் என்று காத்துக் கிடந்தேன்.

பிரின்சிப்பல் கூட்டிய கூட்டத்தில் சரித்திரம் படிப்பிக்கிற செல்லத்துரை மாஸ்டர் எழுந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். "அந்தப் பட்டாளத்திலை லைட் இன்பன்ட்ரி எண்டு ஒரு சின்னப் பிரிவு இருந்தது. மற்றப் படைக்கு முன்னாலை ஓடிப் போய் வழி பாக்கிற ஆக்கள். அவையைக் காட்டினால் நல்லாயிருக்கும். ஆனால் அவையின்ரை உடுப்பு வேறை. வடிவாய் எப்பிடி எண்டு எனக்குத் தெரியாது. கொழும்புக்கு எழுதிக் கேப்பம்" என்றார். அதற்கு நேரமில்லை என்று பிரின்சிப்பல் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "மாஸ்டர், உங்களாலை கீறித்தர ஏலுமோ?" என்று கேட்டார். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். வேலை நிரந்தரமாக வேண்டிய ஒருவன் வேறு என்ன சொல்லுவான்?

உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் பேணி இருந்தது, அதன் மூடியில் ஒரு இங்கிலீசுப் பட்டாளத்தான். முழங்கால் வரைக்கும் வால் விட்ட சிவப்புக் கோட்டு, நெஞ்சில் குறுக்கே இரண்டு வெள்ளைப் பட்டி, தலையில் பானை மாதிரி உயரமான மயிர்த்தொப்பி. அதைப் பார்த்து அப்படியே பெரிதாகக் கீறி, வர்ணமும் போட்டுக் கொடுத்தேன். செல்லத்துரை மாஸ்டர் அதைக் கன நேரம் பார்த்தார். "எதைப் பாத்துக் கீறினீர்?" என்றார். ஒரு இங்கிலீசுப் புத்தகம் என்றேன். என்ன புத்தகம் என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் படத்தை மடிக்காமல் கவனமாகத் திருப்பித் தந்தார். அந்தக் கவனம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. இந்த மனுசன் என் காலை வாரப் பார்க்கிறார் என்று அன்றைக்கே எனக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது.

தைக்கக் கொடுத்தது சோனகத் தெருவில் காதர் நானாவிடம். பள்ளிக்கூடத்து உடுப்பெல்லாம் அவர்தான் தைக்கிறவர், கை சுத்தமான மனிதர், சொன்ன சொல் தவறமாட்டார். பழைய மாணவர் ஆறு பேர் பட்டாளத்தாராக நடிக்க இருந்தார்கள், அவர்களின் அளவையும் என் படத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு கிழமை கழித்துப் போய்ப் பார்த்தால் முதல் கோட்டு மேசையில் கிடக்கிறது. வால் இல்லை. இடுப்போடு வெட்டப்பட்டிருக்கிறது. இரண்டு தோளிலும் இறக்கை மாதிரிச் சிவப்புத் துணித்துண்டு வைத்துத் தைத்திருக்கிறது. உள்ளே போடுகிற கையில்லாத சட்டை நான் வெள்ளையாகக் கீறியது, அதுவும் சிவப்பு. பட்டிகள் வெள்ளை இல்லை, பழுப்புத் தோல். மயிர்த்தொப்பிக்குப் பதிலாகத் தலையோடு ஒட்டின கறுப்புத் தோல் தொப்பி, முன்னால் நிமிர்ந்த ஒரு தகடு, அதைச் சுற்றி மூன்று சுற்றுச் சங்கிலி.

"இது என்ன நானா?" என்றேன்.

"நீங்கள்தானே ஆளை அனுப்பி மாத்தச் சொன்னியள்" என்றார் காதர் நானா.

"நான் ஒருத்தரையும் அனுப்பேல்லை."

"அப்ப அந்த மனுசன் ஆர்? மெலிஞ்ச ஆள். தலைத்துண்டிலை ஊசி குத்தி வைச்சிருக்கிறார். நான் மத்தியானம் லுஹர் தொழுதிட்டு வந்து மெசினிலை குந்தினால் வாசலிலை நிக்கிறார். உங்கடை படத்தைப் பாத்துச் சிரிச்சார். பிறகு ஒவ்வொண்டாய்ச் சொன்னார். தொழில் தெரிஞ்ச ஆள், மாஸ்டர். அவர் சொல்லச் சொல்ல எனக்கே அதுதான் சரி எண்டு பட்டுது. நாலு தரம் வந்திட்டார்."

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. பேய் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை, செல்லத்துரை மாஸ்டர் என்றுதான் வந்தது. ஆளை வைத்து உடுப்பைக் கெடுத்துவிட்டு, ஊர்வலத்தன்று எல்லாரும் சிரிக்கும்போது படம் கீறினவனைக் காட்டிக்கொடுக்கிற திட்டம். காதர் நானாவையும் விடவில்லை நான். தெருவில் இரண்டு பேர் நின்று கேட்கிற மாதிரி, நீங்களும் இதற்குக் கூட்டு என்று சொல்லிவிட்டேன். அவர் மெசினிலிருந்து கையை எடுத்தார். முகம் சுருங்கிவிட்டது. "அல்லா அறிய எனக்கு ஒண்டும் தெரியாது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. நான் தொழ பள்ளிவாசலுக்குப் போற நேரம் நீங்கள் கடையிலை இருங்கோ. வந்தால் நீங்களே கேளுங்கோ" என்றார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டுப் போய் இருந்தேன். காதர் நானா குளித்து, தொப்பி போட்டுக்கொண்டு ஜும்மாவுக்குப் போனார். போகும்போது கடையின் பின்கதவைச் சாத்தித் தாழ் போட்டார், முன்பக்கத்தைத் திறந்தபடி விட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தத் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. வெயில் ஒழுங்கை முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. நான் வாசலைப் பார்த்தபடிதான் இருந்தேன், அதை எங்கே வேண்டுமென்றாலும் சத்தியம் பண்ணுவேன். கண் அயரவும் இல்லை. கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் அந்த ஆள் மேசைக்குப் பக்கத்தில், சம்மணம் போட்டுத் தரையில் இருக்கிறான். மடியில் இரண்டாவது கோட்டு.

ஐம்பது வயது சொல்லலாம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் வேட்டி, வெறும் மேல், தலையில் துண்டு, அதில் ஐந்தாறு ஊசிகள் நூலோடு. என்னைப் பார்க்கவில்லை. காதர் நானா அந்தக் கோட்டை இன்னும் குறுக்கவில்லைப் போலிருக்கிறது, வால் அப்படியே இருந்தது. அவன் ஒரு சின்னக் கத்தியால் தையலைப் பிரித்து வாலை எடுத்தான்.

"ஆர் உம்மை அனுப்பினது?" என்றேன்.

"கம்பெனி."

"எந்தக் கம்பெனி?"

"பட்டாளத்தின் ஓரத்தில் நிற்கிற கம்பெனி" என்றான். அவனுடைய தமிழ் எங்கள் ஊர்த் தமிழ் இல்லை. அக்கரைத் தமிழ் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் இந்தியாவிலிருந்து வந்த நாடகக்காரர் பேச்சையும் வியாபாரிகள் பேச்சையும் நான் கேட்டிருக்கிறேன், அதுவும் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் முழுதாக வைத்து வைத்துப் பேசினான். "காட்டுக்குள் ஓடுகிறவனுக்கு வால் எதற்கு? முள்ளில் மாட்டும். வெள்ளைப் பட்டி தூரத்தில் தெரியும். அதுதான் பழுப்பு. வெயிலில் கோட்டைக் கழற்றிவிட்டு ஓடுவார்கள், அப்போதும் சிவப்பாகத் தெரியவேண்டும், இல்லாவிட்டால் நம்முடைய ஆளே சுட்டுவிடுவான். அதுதான் உள்ளே சிவப்பு."

"சங்கிலி?"

"வாள் தலையில் விழுந்தால் இறங்காது."

நான் விடவில்லை. இதெல்லாம் உமக்கு எப்படித் தெரியும் என்றேன். "நான் தைத்தது" என்றான். எப்போது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மழைக்கு முன்னால்" என்றான். என்ன யோசித்துக்கொண்டு இப்படிச் சொல்கிறான், நல்லாய்ப் பாடமாக்கி அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. நேரே கேட்டேன், "செல்லத்துரை மாஸ்டரைத் தெரியுமோ உமக்கு?"

அப்போதுதான் அவன் தலை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். கோபமான பார்வை இல்லை. நான் நினைக்கிறேன், இரக்கமான பார்வை. "முதலில் அவரிடம்தான் போனேன்" என்றான். "சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் இங்கே வந்தேன்."

பிடிபட்டுவிட்டான் என்று நான் துள்ளி எழுந்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம், காதர் நானா வருகிறார். நான் திரும்பி, "நானா, பிடியுங்கோ இவனை" என்று சொல்லி மறுபடி திரும்பினால் தரையில் கோட்டு மட்டும். ஓடிப் போய்ப் பின்கதவைப் பார்த்தேன், தாழ் போட்டபடி இருந்தது. முன்வாசலில் காதர் நானா நிற்கிறார். ஆளைக் காணவில்லை.

காதர் நானா அந்தக் கோட்டைக் குனிந்து எடுத்தார். வால் இருந்த இடம் மடித்து ஓரம் தைத்து முடிந்திருந்தது. நாங்கள் பேசினது ஒரு ஐந்து நிமிடம் இருக்கும், அவன் ஊசியைக் கையில் எடுத்ததைக்கூட நான் பார்க்கவில்லை. அவர் அந்தத் தையலை வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவினார். "இப்பிடிக் கையாலை தைக்கிறதுக்கு எனக்கு ஒரு முழுப் பகல் வேணும்" என்று மெல்லச் சொன்னார். பிறகு அந்தக் கோட்டை அவர் தொடவே இல்லை, ஒரு தடியால் தள்ளி மூலைக்கு அனுப்பினார்.

நம்பினால் நம்புங்கள், நான் அப்போதும் மாறவில்லை. காதர் நானா வாசலால் அவனை வெளியே விட்டுவிட்டு நாடகம் ஆடுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோட்டு முன்னரே தைத்து வைத்தது, மாற்றிப் போட்டுவிட்டான் என்றும் சொல்லிக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது எனக்கு. புத்தூருக்குச் சைக்கிள் மிதித்துக்கொண்டு போகும்போதே மனதுக்குள் ஒரு கடிதம் எழுதி முடித்துவிட்டேன். அன்று பின்னேரம் அதைத் தாளில் இடக்கையால் எழுதினேன், எழுத்துப் பிடிபடக் கூடாது என்று. செல்லத்துரை மாஸ்டர் பள்ளிக்கூடத்தின் மானத்தைக் கெடுக்க வெளியாளை வைத்து வேலை செய்கிறார் என்று பிரின்சிப்பலுக்கு. கையெழுத்து இல்லை.

திங்கட்கிழமை பிரின்சிப்பல் அவரைக் கூப்பிட்டார். நடந்ததை நான் சன்னலூடாகப் பார்த்தேன். அவர் மறுத்துப் பேசுவார், குரல் உயர்த்துவார், நான் சாட்சி சொல்ல வேண்டிவரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கடிதத்தை வாசித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேசாமல் இருந்ததையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். ஊர்வல வேலையிலிருந்து அவரை விலக்கினார்கள். அந்தப் பள்ளித் தவணை முடிய அவரே விலகி, மனைவியின் ஊரான மீசாலைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

மற்ற நாலு கோட்டையும் காதர் நானா அந்த ஆள் சொன்னபடியே தைத்து முடித்திருந்தார், மாற்றித் தைக்க நேரம் இருக்கவில்லை, மூலையில் கிடந்ததை நானே எடுத்து வந்தேன். வால் வெட்டின கோட்டோடுதான் ஆறு பேரும் முற்றவெளிக்கு வந்தார்கள். நான் சனத்துக்குப் பின்னால் நின்றேன். மாகாணத்தை நிர்வகித்த ஏசண்டர் துரையின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த ஓய்வுபெற்ற பட்டாளத்துத் துரை ஒருவர், கிழவர், கைத்தடியோடு எங்கள் ஆறு பேரின் வரிசைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். ஒருவனின் கோட்டை விலக்கி உள்ளே சிவப்பைப் பார்த்தார். தொப்பிச் சங்கிலியை எண்ணினார். தோள் இறக்கையைத் தூக்கிப் பார்த்தார். இங்கிலாந்திலேயே இதைப் பிழையாகத்தான் காட்டுவார்கள், இங்கே யார் இவ்வளவு சரியாகச் செய்தது என்று கேட்டார். பிரின்சிப்பல் என்னைக் கைகாட்டினார். நான் முன்னால் போய், நான்தான் சேர் என்றேன்.

என் வேலை நிரந்தரமானது. அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், உங்களிடம் சொல்கிற மாதிரிச் சொன்னதில்லை.

அன்று அந்தத் துரை உடுப்பைத் தூக்கிப் பார்த்த நேரத்திலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. செல்லத்துரை மாஸ்டர் என்னைக் கெடுக்க ஆள் அனுப்பியிருந்தால் உடுப்புப் பிழையாகத்தானே இருக்க வேண்டும்? கெடுக்க அனுப்பின ஆள் ஏன் என்னைக் காப்பாற்றினான்? அவருக்கே வடிவாகத் தெரியாத விடயம் அவனுக்கு எப்படித் தெரிந்தது? இப்படிக் கேட்கத் தொடங்கினால் கடிதத்தில் போய்த்தான் நிற்கும். ஆகவே கேட்காமல் இருந்தேன். காதர் நானாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் தேநீர் தந்தார், ஆனால் அந்த ஆளைப் பற்றிக் கதைக்க மறுத்துவிட்டார். அதன் பிறகு அவன் கடைப்பக்கம் வரவே இல்லை என்று மட்டும் சொன்னார்.

எட்டு வருடம் இப்படிப் போனது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம், புதிதாக வந்த பிரின்சிப்பல் ஒரு நாள் என்னை அழைத்து ஒரு தாளை நீட்டினார். என்னைப் பற்றி யாரோ எழுதின கடிதம், கையெழுத்து இல்லை. எல்லாம் பொய். அதை வாசித்துக்கொண்டு நின்றபோதுதான் அன்றைக்குச் சன்னலூடாக நான் பார்த்த முகம் எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமையே மீசாலைக்குப் போனேன்.

செல்லத்துரை மாஸ்டர் வளவில் நின்று மாங்காய் பிடுங்கிக்கொண்டிருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். படலையில் என்னைக் கண்டதும் கொக்கத்தடியை மரத்தில் சாத்தினார்.

"வாரும்" என்றார். "எட்டு வருசம் எடுத்திருக்கு."

நான் முற்றத்தில் நின்றபடியே சொன்னேன். "மாஸ்டர், அந்தக் கடிதம் நான் எழுதினது."

"ஓம், தெரியும்."

"ஆர் சொன்னது?" பாருங்கள், அந்த நேரத்திலும் என் வாயில் வந்தது இந்தக் கேள்விதான்.

அவர் என்னை உள்ளே கூட்டிக்கொண்டுபோய் இருத்தினார். மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனா. அவர் சொன்னார்: "ஒரு மத்தியானம் தலைத்துண்டிலை ஊசி குத்தின ஒருத்தன் என்ரை வீட்டுக்கு வந்தவன். லைட் இன்பன்ட்ரி எண்ட சொல்லை எனக்குச் சொன்னதே அவன்தான். அதுக்குப் பிறகுதான் நான் புத்தகங்களிலை தேடினனான். தன்ரை ஆக்களை உடுப்புப் பிழையாய்க் காட்டப் போகினம், அதுக்காக வந்தனான் எண்டான். பிறகு சொன்னான், இதாலை உங்களைப் பற்றி ஒருத்தர் கடிதம் எழுதுவார், கோவிக்க வேண்டாம், அவரே வந்து சொல்லுவார் எண்டு. பேரும் சொன்னவன். உம்மடை பேர்."

"நீங்கள் ஏன் பிரின்சிப்பலிட்டைச் சொல்லேல்லை?"

"எதைச் சொல்லுறது? நீர் எண்டால் நம்பியிருப்பீரோ?"

அவர் நாட்குறிப்பு எழுதுகிறவர். எழுந்துபோய் அந்த வருடத்துப் புத்தகத்தை எடுத்து வந்து பக்கத்தைத் திருப்பி என் கையில் தந்தார். அவர் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. தேதியைப் பார்த்தேன். பிரின்சிப்பல் எங்களைக் கூப்பிட்டு ஊர்வலத்தைப் பற்றிச் சொல்வதற்கு நான்கு நாள் முந்தியது. நான் அப்போது படம் கீறவில்லை, துணி வாங்கவில்லை, அந்த மனிதருக்கு எதிராக எனக்கு ஒரு நினைப்புக்கூட இருக்கவில்லை.

பக்கத்தின் அடியில் இரண்டு வரி, மேலிருந்து கீழ்வரை மையால் அழுத்திக் கறுப்பாக்கப்பட்டிருந்தது.

"இது?"

"அவன் போகேக்கை இன்னும் ஒண்டு சொன்னவன், உம்மைப் பற்றி. எழுதினனான். உம்மோடை நாளும் பொழுதும் ஒரே அறையிலை இருக்கவேணும், அதை வைச்சுக்கொண்டு இருக்க ஏலாது எண்டு அண்டைக்கே வெட்டிப்போட்டன்."

"சொல்லுங்கோ."

"சொல்லமாட்டன்."

எவ்வளவு கெஞ்சியும் சொல்லவில்லை. எனக்கு உடனே பழைய புத்தி வந்தது. இது பழிவாங்கல், எட்டு வருடம் யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறார், நான் சாகும்வரை யோசிக்க வேண்டும் என்று நேற்றுத்தான் இருந்து கறுப்பாக்கியிருக்கிறார். புத்தகத்தை வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தேன். நான் சித்திரக்காரன், மையின் வயது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து நீலமை வருடம் போகப் போகப் பழுப்பேறும். எழுதின வரிகள் பழுத்திருந்தன. வெட்டின கோட்டின் ஓரமும் அதே அளவுக்குப் பழுத்திருந்தது. தாளை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கறுப்புக்குள்ளே என் பெயர் மட்டும் தெரிந்தது, மற்றது ஒன்றும் பிடிபடவில்லை.

அடுத்த வருடம் அவர் மோசம்போனார். செத்தவீட்டுக்குப் போனபோது எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை பொறுத்திருந்து, ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து அவர் மனைவியிடம் கேட்டேன். நாட்குறிப்புகள் எல்லாவற்றையும் அவர் கடைசி மாதத்தில் தானே எரித்துவிட்டாராம். அந்த இரண்டு வரியைப் பற்றி அவவுக்கு ஒன்றும் தெரியாது.

"என்னட்டையும் சொல்லேல்லை, தம்பி" என்றா. "ஆனால் நீங்கள் வந்த அண்டைக்கு, நீங்கள் சைக்கிளிலை போறதைப் படலையடியிலை நிண்டு பாத்துக்கொண்டே நிண்டவர். நீங்கள் சந்தி திரும்பின பிறகும் உள்ளை வரேல்லை. நான் போய்க் கூப்பிட, 'பாவம் அந்தப் பெடியன்' எண்டார். கண் கலங்கியிருந்தது."

அவருடைய வேலையைக் கெடுத்து, ஊரைவிட்டுப் போக வைத்தவன் நான். அந்தக் கறுப்புக்குள்ளே என்னைப் பற்றி என்ன இருந்தது, என்னைப் பார்த்து அவர் ஏன் பாவம் என்று சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.